பழைய கேம், புது கேம்: ஒரு மொய்க் கணக்கு

வீட்டுல ஒருத்தன் பி.காம் படிச்சா குடும்பத்துக்கு ஒரு வசதி இருக்கு. கல்யாணத்துல மொய் எழுத ஆள் தேட வேண்டாம். "அவன் கணக்குதானே படிக்கிறான், உக்கார வைங்க"ன்னு சொல்லிட்டு எல்லாரும் பந்திக்குப் போயிடுவாங்க. போன ஆவணியில பெரியப்பா பையன் கல்யாணத்துல அப்படித்தான் மாட்டினேன். கையில ரெண்டு பேனா, ஒரு நீள நோட்டு, பக்கத்துல பணம் எண்ண ஒரு மாமா.

மொய் எழுதினவங்களுக்குத் தெரியும். முதல்ல ஊர். அப்புறம் இனிஷியலோட பேர். அப்புறம் தொகை. ஊர் எழுத மறந்தா பெரியப்பாகிட்ட திட்டு நிச்சயம். நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாம திருப்பிச் செய்யணும்ல, ஊர் தெரியாம எங்க போறது?

பதினோரு மணி வாக்குல நாலு பேர் வந்தாங்க. அண்ணன் வயசுதான் இருக்கும், முப்பத்தஞ்சு கிட்ட. அதுல ஒருத்தர் 2001 ரூபாயை நீட்டினார்.

"ஊர் சொல்லுங்கண்ணே."

"டஸ்ட் 2-ன்னு போடு தம்பி."

"அண்ணே, நெஜ ஊரு..."

"அதைப் போட்டா உங்கண்ணனுக்குத் தெரியாது. பேரு தோட்டான்னு போடு. கரெக்டா கண்டுபிடிச்சிடுவான்."

எழுதினேன். 'டஸ்ட் 2, தோட்டா, ரூ. 2001.' பணம் எண்ணின மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார் :-)

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. டஸ்ட் 2-ங்கிறது கவுண்டர் ஸ்ட்ரைக் கேம்ல வர்ற ஒரு களம். மணல் கலர் சுவரு, வளைவு வாசல், மரப்பெட்டிங்க. 2001-ல வந்தது. உலகத்துல பாதிப் பசங்களுக்குச் சொந்த ஊர் தெருவை விட அந்தத் தெரு நல்லாத் தெரியும்.

அந்த நாலு பேருல மூணு பேர் அண்ணன் போன அதே பிரவுசிங் சென்டர்ல விளையாடினவங்க. தோட்டா மட்டும் சேலம். ஆன்லைன்ல ஒரு சர்வர்ல பழக்கமானவர். அப்போ பிஎஸ்என்எல் பிராட்பேண்ட்ல ராத்திரி 2 மணியில இருந்து காலையில 8 மணி வரைக்கும் கணக்கில்லாம இன்டர்நெட் ஓட்டலாம்னு ஒரு திட்டம் இருந்துச்சு. அதனால அண்ணன் 2 மணிக்கு அலாரம் வச்சு எழுந்திரிப்பாராம். அதே நேரத்துக்குச் சேலத்துல தோட்டாவும் எழுந்திரிப்பாராம். கல்யாணத்துக்கு முன்னாடி நேர்ல பார்த்தது ரெண்டே தடவை. அவரோட நிஜப் பேரே பத்திரிகை அனுப்ப அட்ரஸ் கேட்டப்பத்தான் அண்ணனுக்குத் தெரியுமாம்.

அன்னைக்கு ராத்திரி என் போனை எடுத்துப் பார்த்தேன். நான் அஞ்சாறு வருஷமா மொபைல்ல விளையாடுற கேம்ல என் பிரண்ட் லிஸ்ட்ல 180 பேர் இருக்காங்க. என் கல்யாணத்துக்கு அதுல யாரைக் கூப்பிடுவேன்? கூட காலேஜ்ல படிக்கிற நாலு பேரைக் கழிச்சா... ஒருத்தரும் இல்ல.

இந்தப் பதிவே அந்தப் பூஜ்யத்தைப் பத்தித்தான்.

இது வெறும் கொசுவத்தி இல்ல

"எங்க காலத்துல"ன்னு ஆரம்பிச்சா எல்லாரும் கொசுவத்திச் சுருள் சுத்துறாண்டான்னு சிரிப்பீங்க. நியாயம்தான். பழைய கேம் நல்லா இருந்துச்சுன்னு சொல்றவங்க நெறைய பேர் உண்மையில தேடுறது பதினாறு வயசைத்தான். ஆனா என் கதை வேற. கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 வந்தது 2003-ல. நான் அப்போ பொறக்கவே இல்ல. புது கேம்லதான் வளர்ந்தேன். 2020 ஊரடங்குலதான் அண்ணனோட பழைய லேப்டாப்ல 1.6-ஐ முதல்முறையா தொட்டேன். அதுவரைக்கும் அது எனக்குக் கிண்டல் பண்ற பொருள். பொம்மை மாதிரி கையி, செங்கல் மாதிரி மூஞ்சி.

ஒரே மாசத்துல அந்த சர்வர்ல எட்டு பத்து பேரை எனக்குத் தெரியும். யார் எப்போ வருவாங்க, யார் எந்த மூலையில ஒளிவாங்க, யாருக்குத் தோத்தா கோவம் வரும், எல்லாம். போன்ல நாலு வருஷத்துல நடக்காதது இங்க எப்படி ஒரு மாசத்துல நடந்துச்சு?

யோசிச்சுப் பார்த்தா ரெண்டு காரணம்தான்.

ஒண்ணு, சர்வர்ங்கிறது ஒரு இடம். அதுக்கு ஒரு பேர் இருக்கும், ஒரு ஐபி முகவரி இருக்கும். யார் வேணும்னாலும் சர்வர் மென்பொருளை இலவசமா இறக்கி தன் கம்ப்யூட்டர்லயே நடத்தலாம். பட்டியல்ல தேடி, பிங் கம்மியா இருக்கிறதா பார்த்து நுழையணும். பிடிச்சா நாளைக்கும் அங்கேயே போவோம். டீக்கடை மாதிரி. டீ சுமாரா இருந்தாலும் ஆளுங்களுக்காகப் போற கடை.

ரெண்டு, செத்த பிறகு கிடைக்கிற நேரம். 1.6-ல ஒரு ரவுண்டுல செத்துட்டா அந்த ரவுண்டு முடியுற வரைக்கும் சும்மாதான் இருக்கணும். ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ. வேற வேலை இல்ல. செத்த மத்தவங்களும் சும்மாதான் இருப்பாங்க. அப்போ டைப் அடிப்போம். "எப்படிடா அங்க இருந்து அடிச்ச?" "சாப்டியா?" "நாளைக்கு எக்ஸாம்." தோட்டாவும் எங்க அண்ணனும் பழகினதே அப்படித்தான். ரெண்டு பேருமே மோசமா விளையாடுவாங்களாம். அதனால அடிக்கடி ஒண்ணா செத்துக் கிடந்தாங்க. ஹி ஹி.

இன்னொரு சின்ன விஷயம், கணக்குப் படிக்கிறவனா எனக்குப் பிடிச்சது. கவுண்டர் ஸ்ட்ரைக்ல கையில காசு உண்டு. ஆரம்பத்துல 800 டாலர். கொன்னா, ஜெயிச்சா ஏறும். அதிகபட்சம் 16,000. அதுக்கு மேல சேராது. ஏகே 2,500. ஏடபிள்யூபி 4,750. அதனால பணக்காரன் ஒருத்தன் ஒரு துப்பாக்கி வாங்கி, காசில்லாதவன் முன்னாடி கீழ போட்டுட்டுப் போவான். அடுத்த ராத்திரி இவன்கிட்ட காசு இருந்தா அவனுக்குப் போடுவான். இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேர்? மொய்!

மொய் எப்போ வேலை செய்யும்? திரும்பப் பார்ப்போம்னு நம்பிக்கை இருந்தாத்தான். ராபர்ட் ஆக்சல்ராட்னு அமெரிக்கப் பேராசிரியர் ஒருத்தர் 1984-ல ஒத்துழைப்பு பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதுல முக்கியமான விஷயமே இதுதான். ஒரே ஒரு தடவை சந்திக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்துறதுதான் லாபம். திரும்பத் திரும்ப சந்திக்கணும்னா நல்லா நடந்துக்கிறதுதான் லாபம். நல்லவனா கெட்டவனாங்கிறது அப்புறம். நாளைக்கும் இவன் மூஞ்சியில முழிக்கணுமா இல்லையாங்கிறதுதான் கேள்வி.

2009 கடைசியில நடந்தது

இந்த 'நாளைக்கும் முழிக்கணும்' எப்போ போச்சு? ஒரே தேதி சொல்ல முடியாது. ஆனா ஒரு மாச இடைவெளியில நடந்த ரெண்டு விஷயம் இருக்கு.

2009 நவம்பர் 10-ஆம் தேதி கால் ஆஃப் டூட்டி வரிசையில மாடர்ன் வார்ஃபேர் 2 வந்துச்சு. கம்ப்யூட்டர்ல விளையாடுறவங்களுக்கு அதுவரை இருந்த தனி சர்வர் வசதியை எடுத்துட்டாங்க. பட்டனை அமுக்கு, கம்பெனியே ஆளுங்களைச் சேர்த்து விடும். லட்சத்துக்கு மேல ஆளுங்க எதிர்த்துக் கையெழுத்துப் போட்டாங்க. ஒண்ணும் நடக்கல. கேம் பிரமாதமா வித்துச்சு.

அதே வருஷம் டிசம்பர்ல வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல 'டஞ்சன் ஃபைண்டர்'னு ஒண்ணு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு குகைக்குள்ள போகணும்னா நகரத்துல நின்னு "ஆள் வேணும், ஆள் வேணும்"னு கூவி அஞ்சு பேர் சேர்த்து, அங்க வரைக்கும் நடந்து போகணும். ஒரு மணி நேரம் வீணாகும். ஆனா எல்லாரும் ஒரே சர்வர் ஆளுங்க. கிடைச்ச பொருளை அமுக்கிட்டு ஓடினவன் பேர் மறுநாள் சர்வர் முழுக்க நாறும். அவனை யாரும் சேர்க்க மாட்டாங்க. டஞ்சன் ஃபைண்டர் வேற வேற சர்வர் ஆளுங்களை ஒண்ணா சேர்த்து நேரா குகை வாசல்ல கொண்டு போய் விட்டுச்சு. வேலை முடிஞ்சதும் பிரிச்சு விட்டுச்சு. காத்திருப்பு குறைஞ்சுது. கூடவே பேரும் கெடாது, பழக்கமும் ஆகாது.

டீக்கடை போய் ஷேர் ஆட்டோ வந்த மாதிரி. ஷேர் ஆட்டோ வேகம்தான். ஆனா ஷேர் ஆட்டோவுல பக்கத்துல உக்காந்தவர் கல்யாணத்துக்கு மொய் செஞ்ச கதை நான் கேட்டதில்ல.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். 2022, செமஸ்டர் லீவு. மொபைல்ல ஒரு மேட்ச். கேம் பேர் வேண்டாம். கூட வந்த மூணு பேர்ல ஒருத்தர் மைக் போட்டிருந்தார். பின்னாடி குக்கர் விசில், ஒரு கைக்குழந்தை அழுகை. நாகர்கோவில் பக்கத்துத் தமிழ். என்னை மூணு தடவை காப்பாத்தினார். "பயப்படாத மக்கா, நான் இருக்கேன்"னார். கடைசி ரெண்டு பேர் மிச்சம், ஜெயிச்சோம். ரெண்டு பேரும் கத்தினோம். நம்பர் கேக்கலாம்னு வாயெடுத்தேன், முடிவுத் திரை வந்துச்சு, நான் அவசரத்துல வழக்கமா அமுக்குற பட்டனை அமுக்கிட்டேன். போச்சு. அவர் வச்சிருந்த பேர் முழுக்க என்னென்னமோ சின்னங்க. தேடி அடிக்கவும் முடியல. இன்னைக்கும் குக்கர் விசில் கேட்டா அந்தக் குரல் ஞாபகம் வரும். தப்பு என் விரல் மேலதான். ஆனா அந்த விரலுக்கு அப்படி ஒரு பழக்கம் எங்க இருந்து வந்துச்சு?

எதிர்க்கட்சி: எங்க அக்கா

இதையெல்லாம் எங்க அக்காகிட்ட சொன்னேன். அவளும் விளையாடுவா, என்னை விட நல்லா. பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டா.

"உங்க டீக்கடையில எங்களுக்கு எப்படா பெஞ்ச் போட்டாங்க?"

பதில் இல்ல. அந்த பிரவுசிங் சென்டர்ல எட்டு கம்ப்யூட்டர் இருந்துச்சாம். ஒரு பொண்ணுகூட வந்து விளையாடினதா அண்ணனுக்கு ஞாபகம் இல்ல. அக்கா இப்ப மொபைல்ல ஆம்பளைப் பேர்ல விளையாடுறா. மேட்ச் முடிஞ்சதும் எல்லாரும் கலைஞ்சு போறது அவளுக்கு நிம்மதி. "திரும்ப வரமாட்டான்ங்கிறதுதாண்டா எனக்கு வசதி"ங்கிறா. நான் இழப்புன்னு சொல்றது அவளுக்குப் பாதுகாப்பு.

பழைய சர்வர்ல வேற கொடுமையும் உண்டு. சுவருக்குப் பின்னாடி ஆளைக் காட்டுற ஏமாத்து மென்பொருள் போட்டு விளையாடுறவங்க. புதுசா வந்தவனை இருபது ரவுண்டு தொடர்ந்து கொன்னு விரட்டுறது. அட்மின்னு ஒரு குட்டி ராஜா. நான் ஒரு தடவை அட்மினைக் கத்தியால குத்திட்டேன்னு மூணு நாள் தடை வாங்கினேன் (அதுல எனக்குப் பெருமைதான், அது வேற விஷயம்). உங்க திறமைக்குச் சமமான ஆளுங்களைத் தேடிச் சேர்க்கிற புது முறை இதுல பாதியைச் சரி பண்ணியிருக்கு. மணிக்கு 15 ரூபா பிரவுசிங் சென்டருக்குக் குடுக்க முடியாத பையன் இன்னைக்குக் கையில இருக்கிற போன்ல விளையாடுறான். இதையெல்லாம் மறைச்சுட்டுப் பழசைப் புகழ்ந்தா அது பொய்க்கணக்கு.

பழசைத் திருப்பிக் குடுத்தா போதுமா?

குடுத்துப் பார்த்திருக்காங்க. ரூன்ஸ்கேப் கம்பெனி 2013-ல ஆளுங்ககிட்ட வாக்கெடுப்பு நடத்தி, 2007 ஆகஸ்ட்ல எடுத்து வச்ச பிரதியை அப்படியே திறந்து விட்டுச்சு. அதுல புதுசா ஏதாவது சேர்க்கணும்னா விளையாடுறவங்க ஓட்டு போடணும், ஆரம்பத்துல 75 சதவீதம் வேணும். அது இன்னைக்கும் ஓடுது, புது ரூன்ஸ்கேப்பை விட அதுலதான் கூட்டம்.

வார்கிராஃப்ட் கதை இன்னும் சுவாரஸ்யம். பழைய வடிவம் வேணும்னு 2013-ல ஒரு ரசிகர் மேடையில கேட்டப்போ, தயாரிப்புப் பொறுப்புல இருந்த ஜே. ஆலன் பிராக், வேணும்னு நீங்க நினைக்கிறீங்க, உண்மையில உங்களுக்கு அது வேண்டாம்கிற மாதிரி பதில் சொன்னார். 2017-ல அதே ஆள் அதே விழா மேடையில ஏறி 'கிளாசிக்' வருதுன்னு அறிவிச்சார். 2019 ஆகஸ்ட்ல வந்துச்சு, டஞ்சன் ஃபைண்டர் இல்லாம.

ரசிகர்கள் ஜெயிச்சுட்டாங்கன்னு கொண்டாடுறதுக்கு முன்னாடி மீதியையும் கேளுங்க. முன்னாடி மாசக்கணக்கா போராடி வீழ்த்தின பெரிய எதிரியை இந்த தடவை ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுட்டாங்க. எல்லா வழியும் எல்லாருக்கும் மனப்பாடம். அதுக்கு அடுத்தடுத்த வடிவங்களும் வந்துச்சு. கடைசியில 2023-ல, ஆளுங்களே கேட்டுக் கேட்டு, கிளாசிக்குக்கும் டஞ்சன் ஃபைண்டர் வந்துடுச்சு!

ஆக, பிராக் முழுசா தப்பும் இல்ல, ரசிகர்கள் முழுசா சரியும் இல்ல. நமக்கு நடக்கப் பிடிக்காது. நடந்தப்போ கிடைச்ச பேச்சுதான் பிடிக்கும். நடையை எடுத்துட்டா பேச்சும் போயிடும்ங்கிறது முன்கூட்டியே நமக்குத் தெரியறதில்ல. பட்டன் இருந்தா அமுக்கிடுவோம். அன்னைக்கு நான் அமுக்கின மாதிரி.

காசு எங்க இருக்கு?

கம்பெனி பக்கமும் பார்க்கணும், காமர்ஸ் படிச்சுட்டு அதைப் பேசலைன்னா எப்படி. 2003-ல விக்கிறது பெட்டி. ஒரு தடவை வித்தாச்சு, அதோட கணக்கு முடிஞ்சுது. சர்வர் செலவு விளையாடுறவன் தலையில. இன்னைக்கு கேம் இலவசம். வருமானம் உள்ள விக்கிற உடுப்பு, துப்பாக்கிக்குப் பூசுற கலர், மாசாமாசம் பாஸ். நீங்க என் வீட்டுச் சர்வர்ல விளையாடினா, அந்தக் கலரை நானே இலவசமா குடுத்துடுவேன். அதனால சர்வர் அவங்க கையிலேயே இருக்கணும். இதுல சூழ்ச்சி எதுவும் இல்ல, வியாபாரம்.

ஆனா அதோட விளைவு ஒண்ணு இருக்கு. கடையைச் சாத்தினா எல்லாம் சாத்திடும். யூபிசாஃப்ட் கம்பெனியோட 'தி க்ரூ'ங்கிற கார் ஓட்டுற கேம் 2014-ல வந்தது. 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினாங்க. காசு குடுத்து வாங்கினவங்க தனியாகூட ஓட்ட முடியல. அதுல இருந்துதான் ராஸ் ஸ்காட்ங்கிறவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்'னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சார். கோரிக்கை எளிமையானது: நிறுத்துறப்போ, வாங்கினவங்க தொடர்ந்து விளையாட ஏதோ ஒரு வழி விட்டுட்டுப் போங்க. ஐரோப்பாவுல 2025 ஜூலைக்குள்ள 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டிச்சு.

நம்ம ஊர்லயும் அனுபவம் இருக்கு. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி அரசு 118 செயலிகளைத் தடை பண்ணினப்போ பப்ஜி மொபைலும் அதுல ஒண்ணு. அக்டோபர் 30-ஓட இந்தியாவுல சேவை நின்னுச்சு. தடை சரியா தப்பாங்கிறது வேற விவாதம். நான் சொல்ல வர்றது, கோடிக்கணக்கான பேர் ஒரே நாள்ல ஒரு ஊரைக் காலி பண்ண முடியும்ங்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6-ஐ அப்படிக் காலி பண்றது கஷ்டம். ஊர் ஆயிரம் பேர் வீட்டுல சிதறிக் கிடக்கு. இன்னைக்கும் ஆயிரக்கணக்கானவங்க அதுல விளையாடிக்கிட்டுத்தான் இருக்காங்க.

சரி, என்னதான் வேணும்ங்கிற?

பழைய கேமை அப்படியே திருப்பிக் கேக்கல. அந்த செங்கல் மூஞ்சி எனக்கும் வேண்டாம். மூணே மூணு.

1. மேட்ச் முடிஞ்சதும் "இதே ஆளுங்களோட இன்னொண்ணு"ன்னு ஒரு பட்டன். எல்லாரும் அமுக்கினாத்தான் சேரணும். அக்கா மாதிரி வேண்டாம்ங்கிறவங்க பேசாம கிளம்பலாம். யார் வேண்டாம்னாங்கன்னு யாருக்கும் தெரியவும் கூடாது.

2. கம்பெனி கேமைக் கைவிடுறப்போ சர்வர் மென்பொருளைக் குடுத்துட்டுப் போகட்டும். அதுக்கு அப்புறம் அவங்களுக்கு அதுல விக்க ஒண்ணும் இல்லையே!

3. இது நமக்கு. ஜெயிச்சதும் அடுத்த மேட்ச்க்கு அவசரப்படாம ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க. செத்த மாதிரி நினைச்சுக்கிட்டு. பக்கத்துல கிடக்கிறவங்ககிட்ட "சாப்டீங்களா"ன்னு கேளுங்க. பத்துல எட்டு பேர் ஓடிடுவாங்க. மீதி ரெண்டு பேர் போதும்.

மூணாவதை நான் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. இதுவரைக்கும் கோயம்புத்தூர்ல ஒருத்தர், இலங்கையில மட்டக்களப்புல ஒருத்தர். வாரக் கடைசியில மூணு பேரும் சேர்ந்து கேவலமா தோக்குறோம். பூஜ்யம் இப்ப ரெண்டு.

கல்யாணத்தன்னைக்கு ராத்திரி பெரியப்பா மொய் நோட்டைப் புரட்டிக்கிட்டு இருந்தார். ஒரு பக்கத்துல நின்னு கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏண்டா, இந்த டஸ்ட் 2 எந்தத் தாலுகா? நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கு எப்படிடா போறது?"

அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னார். "எனக்கு வழி தெரியும்ப்பா. நான் போய்ச் செஞ்சுடுறேன்."

உங்க லிஸ்ட்ல அப்படி வழி தெரிஞ்சவங்க எத்தனை பேர்? எண்ணிட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்படியே அந்த நாகர்கோவில் அண்ணன் யாராவது இதைப் படிச்சா... குழந்தை இப்போ பள்ளிக்கூடம் போகுதா?